கடப்பாரை பிடித்தவர்களின் பட்டாளம்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் சாலையில், பெரம்பலூருக்குச் சற்று முன்னால் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751இல் இந்தக் கோட்டையையும் வாலிகண்டபுரத்தையும் ஒட்டி நடந்த போரைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் பேச்சு வந்தால் நான்கு பெயர்கள் வரும்: முகமது அலி, சந்தா சாகிப், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர். பீரங்கியை இழுத்தவர்கள், பாதை வெட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள், தண்ணீர் கொண்டுபோனவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. அவர்கள் இல்லாமல் எந்தப் படையும் ஒரு மைல்கூட நகர்ந்திருக்காது.

பக்கத்து அரியலூரில் கதை வேறு மாதிரி. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை வந்துவிட்டால் ராசேந்திரன் எங்கள் சாதி என்று ஆளுக்கொரு பதாகை எழும்புகிறது. சோழர் கல்வெட்டுகளில் கைக்கோளர் படைப்பிரிவுகள் வருகின்றன. தறி நெய்கிற சமூகத்தின் பெயரில் படை இருந்திருக்கிறது. ‘போர்க்குடி’ என்று தனியாக ஒன்று கருவிலேயே உருவாகி வருவதில்லை என்பதற்குக் கல்லில் வெட்டிய சான்று இது. ஆனால் பதாகை எழுதுகிறவர்களுக்குச் சான்று தேவைப்படுவதில்லை.

வாள் பிடித்தவன் வீரன், மண்வெட்டி பிடித்தவன் கூலி என்ற இந்தப் பிரிவினையைத்தான் நான் கேள்வி கேட்க விரும்புகிறேன். இது போர்க்களத்தில் பிறந்த பிரிவினை அல்ல. ஊரும் சேரியுமாக நம்மைப் பிரித்த அதே மூளைதான் படையையும் பிரித்தது.

1780 செப்டம்பர் 30 அன்று கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இரண்டு ‘பயனியர்’ கம்பெனிகளைத் திரட்டியது. 1831இல் அது ‘மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ ஆனது. இன்று பெங்களூருவில் ‘மதராஸ் எஞ்சினியர் குரூப்’ என்ற பெயரில் இருப்பது அதே படைதான். பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பது, கண்ணிவெடி அகற்றுவது இவர்கள் வேலை. காலாட்படை முன்னேறுவதற்கு முன்பே, எதிரியின் குண்டுகளுக்கு நடுவே போய்ச் செய்ய வேண்டிய வேலை. 19ஆம் நூற்றாண்டில் இந்தப் படையில் பறையர்களும் கிறித்தவர்களும் பெருமளவில் இருந்தார்கள். ‘தீண்டத்தகாதவன்’ என்று ஊர்க் கிணற்றில் தடுக்கப்பட்டவன் சீனாவிலும் பர்மாவிலும் எகிப்திலும் கோட்டைகளை உடைத்தான். முள்வேலித் தடைகளைத் தகர்க்க உலகப் போர்களில் பயன்பட்ட ‘பெங்களூர் டார்பிடோ’ 1912இல் உருவானதும் இந்தப் படையில்தான்.

பிறகு என்ன ஆனது? 1857க்குப் பின் ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாட்டை ஆங்கிலேயர்கள் கையிலெடுத்தார்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், அதன் பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுக்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். மதராஸ் காலாட்படையின் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. சில பட்டாளங்களில் ஆட்களை மாற்றிவிட்டு ‘பஞ்சாபிகள்’ என்று பெயர் சூட்டினார்கள். 1890களின் தொடக்கத்தில் பம்பாய் மாகாணத்தில் மகர்களுக்குப் படையின் கதவு சாத்தப்பட்டது. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். மதராஸ் பயனியர் படையும் 1933இல் கலைக்கப்பட்டது.

இதை வெள்ளைக்காரன் செய்த சூழ்ச்சி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. தீண்டத்தகாதவனோடு ஒரே கூடாரத்தில் இருக்க மாட்டேன், அவன் சுபேதாரானால் சல்யூட் அடிக்க மாட்டேன் என்றவர்கள் நம் நாட்டு ஆதிக்கச் சாதியினர். அந்த மனநிலைக்கு அறிவியல் போலத் தோன்றும் ஒரு பெயரை ஆங்கிலேயன் கொடுத்தான்.

அண்ணல் அம்பேத்கர் இந்த வரலாற்றின் உள்ளே பிறந்தவர். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். அண்ணல் பிறந்த மாவ் ஒரு ராணுவக் குடியிருப்பு. படையில் கிடைத்த சம்பளமும் கட்டாயக் கல்வியும் ஒரு தலைமுறையை எப்படி நிமிர்த்தின என்பதை வீட்டிலேயே கண்டவர். 1927 சனவரி 1 அன்று பீமா கோரேகான் தூணுக்கு அவர் போனதும், 1941இல் மகர் படைப்பிரிவு உருவாக அவர் முயன்றதும் போர் வெறியால் அல்ல. சாதியின் பெயரால் சாத்தப்பட்ட கதவைத் திறக்க அன்று வேறு வழியில்லை.

துணைப்படைகளின் கதை இதைவிடக் கசப்பானது. முதல் உலகப் போரில் சமையல், சலவை, தண்ணீர், துப்புரவு வேலைகளுக்கென்று ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் சுக்கா, துப்புரவுத் தொழிலாளி. 1915 சனவரியில் இங்கிலாந்தின் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில் நோயால் இறந்தார். அவரை எரிக்க இந்துக்கள் மறுத்தார்கள், புதைக்க முஸ்லிம்களும் மறுத்தார்கள். கடைசியில் அந்த ஊர்த் தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தது. ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். நம் ஊர்களில் இன்றும் பிணம் போகப் பாதை மறிக்கிறார்களே, அதே சாதிதான் கப்பலேறி அங்கும் போயிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கும் தோழர்களுக்கு இன்றைய நிலையைச் சொல்கிறேன். குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் ஆகிய மூன்று பிரிவினர் மட்டுமே எடுக்கப்படுகிறார்கள். ஒரு தலித்தோ பழங்குடிப் பெண்ணோ குடியரசுத் தலைவராகலாம், ஆனால் அவர்கள் பிள்ளை அந்தக் குதிரையில் ஏற முடியாது. ஜாட், ராஜ்புத், டோக்ரா என்ற பெயர்களில் படைப்பிரிவுகள் தொடர்கின்றன. 1943இல் தொடங்கி கோஹிமாவில் போரிட்ட சமார் படைப்பிரிவு மட்டும் 1946இல் கலைக்கப்பட்டது. ராணுவ வேலையில் இடஒதுக்கீடு கிடையாது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டு முடிந்ததும் 25 விழுக்காட்டினருக்கு மட்டுமே நிரந்தர வேலை. எட்டாம் வகுப்புப் படித்தவர்களுக்கு அந்தத் திட்டத்தில் வைத்திருக்கும் இடம் வீட்டுப் பராமரிப்பும் உணவறை வேலையும். விடியற்காலையில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் சாலையோரம் ஓடிப் பழகும் நம் பிள்ளைகளுக்கு ராணுவம் என்பது ஓய்வூதியமும் ஊரில் தலைநிமிர்வும். அந்த ஓய்வூதியமும் இப்போது பெரும்பாலோருக்கு இல்லை.

ஒரே சாதியாக இருந்தால்தான் படையில் ஒற்றுமை இருக்கும் என்று சிலர் வாதிடுகிறார்கள். நம் கண்முன்னே இருக்கும் மதராஸ் படைப்பிரிவு, தென்னாட்டின் பல மொழி, பல சாதிக்காரர்களைச் சேர்த்தே இயங்குகிறது. மகர் படைப்பிரிவிலும் இன்று எல்லாச் சமூகத்தினரும் இருக்கிறார்கள். எங்கே ஒற்றுமை குலைந்துவிட்டது? ஆனால் அதே மதராஸ் படைப்பிரிவின் முழக்கவாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. அவனவன் தர்மத்தில் சாவதே மேல் என்பது அதன் பொருள். கடமைக்காக உயிர்விடுவது என்று அதற்கு விளக்கம் தருகிறார்கள். கீதையில் ‘தன் தர்மம்’ என்பது பிறப்பால் வந்த வருண தர்மம். அதை மீறிப் படைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தலையில் அதே வாசகம்.

இங்கே நமக்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். ‘ஆண்ட பரம்பரை’ பதாகைக்குப் பதிலாக நாமும் ‘போர்ப் பரம்பரை’ பதாகை கட்டத் தேவையில்லை. சீனாவில் அபினி விற்பதற்காக நடத்திய போரில் நம் முன்னோர் சாப்பர்களாக இருந்தார்கள் என்பது கொண்டாடத் தக்கதல்ல. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார் மதராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். அவர் என்ன சாதி என்று தேடுவது என் வேலையல்ல. கண்ணிவெடி அகற்றும் ‘துணை’ வேலையில் இருந்தவர் காட்டிய துணிவுக்கு மேல் எந்த வாள் வீரம் இருக்கிறது என்பதே என் கேள்வி.

ஆகவே சமார் படைப்பிரிவைத் திரும்பக் கொண்டுவா என்று வடக்கில் எழும் குரலின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் கோரிக்கை அதைத் தாண்டிப் போக வேண்டும். எந்தச் சாதிக்கும் தனிப் படைப்பிரிவு கூடாது. மெய்க்காவல் படை எல்லோருக்கும் திறக்கப்பட வேண்டும். அதிகாரி முதல் துப்புரவுப் பணியாளர் வரை எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் சோழர் படைக்குப் பக்கத்தில் சாப்பர்களுக்கும் பயனியர்களுக்கும் ஒரு பாடம் வேண்டும். இவற்றில் பாடநூல் மாநில அரசின் கையில் இருக்கிறது. அதற்கு டெல்லியைக் காட்டி எவரும் தப்பிக்க முடியாது. முதலில் அதைக் கேட்போம்.