பவளமல்லிக்கு மொட்டை போடாதீர்கள்

எங்கள் தெருவில் போன வாரம் ஒரு பழைய பவளமல்லியை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டார்கள். "வயசாயிடுச்சு சார், பூக்கவே மாட்டேங்குது. மொட்டை அடிச்சா புதுசா வரும்" என்றார் வீட்டுக்காரர். என்னிடம் படித்தவர். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. இதே காரியத்தை நானும் செய்தவன்.

எங்கள் வீட்டுப் பவளமல்லி 1988-இல் அம்மா வைத்தது. தரையில் விழுந்த பூவையும் சாமிக்கு வைக்கலாம் என்ற சலுகை பவளமல்லிக்கு உண்டு. ஆனாலும் அம்மாவுக்கு மனசு கேட்காது. இரவில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டுத்தான் படுப்பார். மகள் கல்யாணத்தின்போது பந்தலுக்கு இடைஞ்சல் என்று மரத்தின் தலையை வெட்டச் சொன்னேன். ஒரே மாதத்தில் குச்சி குச்சியாகத் துளிர் கிளம்பியது. "பாத்தீங்களா, எப்படி வருது!" என்று எல்லோரிடமும் பெருமை பேசினேன்.

அடுத்த புரட்டாசியிலும் அம்மா வேட்டியை விரித்தார். காலையில் வெறும் வேட்டியை உதறி மடித்து எடுத்துப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் துளிர்கள் மரம் பயத்தில் விடுபவை. இலை முழுவதும் போனதும், சேமிப்பில் இருப்பதையெல்லாம் கொட்டி அவசரமாகத் தழைக்கிறது. பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டியிருப்பதால் பலமும் கிடையாது. ஐப்பசிக் காற்றில் இரண்டு பிய்ந்து விழுந்தன. வெட்டுவாயில் மழைநீர் இறங்கிப் பொந்து விழுந்தது. அதில் சிமெண்ட் வேறு பூசினேன். படித்த முட்டாள்!

பிறகுதான் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோவைப் பற்றிப் படித்தேன். ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தவர். நம் தோல் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை, மரம் அந்த இடத்தைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று காட்டியவர். அந்தச் சுவர் எழும்ப, கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் தடித்த வளையத்தை விட்டு வெட்ட வேண்டும். வளையத்தையும் சேர்த்துச் செதுக்கக் கூடாது, முளைக்குச்சியாகவும் விடக் கூடாது. பெரிய கிளையென்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்கணும். இல்லாவிட்டால் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

நான் மூன்று வருடம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு தை மாதமும், பூ முடிந்த பிறகு. முதல் வருடம் பட்ட கிளைகள் மட்டும். நகத்தால் கீறிப் பார்த்தால் பச்சை தெரியும், தெரியாவிட்டால் அது போய்விட்டது. அடுத்த இரண்டு வருடமும் உரசிக்கொள்ளும் கிளைகளும் ஒவ்வொரு கிழட்டுக் கிளையும். ஒரு வருடத்தில் கால்வாசிக்கு மேல் கை வைக்கவில்லை. பவளமல்லி புதுக்கிளை நுனியில்தான் பூக்கும், அதனால் கவாத்து தேவைதான். மொட்டைதான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. நாம் வயதைக் குறை சொல்கிற பாதி மரங்களுக்கு வியாதி தரையில் இருக்கிறது. அடிமரத்தை நெருக்கிச் சிமெண்ட் தளம் போட்டுவிட்டு, பூக்கவில்லை என்று புலம்புகிறோம். வேருக்கும் காற்று வேண்டாமா? தளத்தை மூன்றடி உடைக்கிறேன் என்றதும் என் மகன் "வண்டியை எங்கேப்பா விடுறது?" என்று சண்டைக்கு வந்தான். உடைத்தேன். அவன் வண்டி இப்போது தெருவில் நிற்கிறது, என்மேல் வருத்தம்தான்.

எல்லா மரமும் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். அடித்தண்டே மெத்தென்று உளுத்து, காளான் பூத்திருந்தால் எடுத்துவிடுவதுதான் நல்லது, குழந்தைகள் நடமாடும் இடம்.

எங்கள் மரம் இப்போது பூக்கிறது. அம்மா இருந்தவரை சரியாகப் பூக்கவில்லை.

பழைய மாணவரிடம் நேற்று போய்ச் சொன்னேன்: வரும் துளிரில் இடைவெளி விட்டு நல்லதாக நான்கை வைத்துக்கொள், மற்றதைக் கிள்ளிவிடு, அடியில் இருக்கும் சிமெண்டை உடை. முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். சிமெண்ட் பற்றி வீட்டில் கேட்டுச் சொல்கிறாராம்.