முதல் வாரத்துக் கதை



கள்ளிக்குப்பத்தில் மாலை ஏழு மணிக்குமேல் வீடு சந்திக்கச் செல்லும் குருவானவர் ஓர் உண்மையை விரைவில் அறிந்துகொள்வார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை முடித்து வந்தவர் முகம் கழுவுமுன்னரே வீட்டில் தொலைக்காட்சி பேசத் தொடங்கிவிடும். அண்மையில் ஒரு வீட்டினுள் நான் நுழைந்தபோது, ஒரு புதிய நாடகத்தின் முதல் வாரம் நடந்துகொண்டிருந்தது. "சாமி, கொஞ்சம் உட்காருங்கள். இன்றைக்குத்தான் கதை சூடு பிடிக்கிறது" என்றார் அவ்வீட்டுப் பாட்டியம்மா. நானும் அமர்ந்தேன்.

திரையில் புதுமணப்பெண் ஒருத்தி அனைவர் முன்னும் அறை வாங்கினாள். எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உணவு பரிமாறினாள். "மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!" என்றார் பாட்டியம்மா. சமையலறை வாயிலில் கையில் கரண்டியுடன் நின்றிருந்த அவருடைய சொந்த மருமகள், ஒன்றும் பேசாமல் உள்ளே திரும்பிவிட்டாள். நாடகத்தைவிட அந்தக் காட்சியே என் நெஞ்சில் தங்கிவிட்டது.

தொலைக்காட்சியைத் திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. திருச்சபை அதற்கெனப் பாதுகாவலியையே நியமித்துள்ளது. நோயுற்றுப் படுக்கையிலிருந்த அசிசி நகர்ப் புனித கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலயத்தில் நடந்த திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அதனால் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958ஆம் ஆண்டு அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆகவே, பார்ப்பது குற்றமன்று. பார்த்ததை நாம் எவ்வாறு புரிந்துகொள்கிறோம் என்பதே கேள்வி.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு. 1984ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்னும் இந்தி நெடுந்தொடர் தொடங்கியது. கதை வழியாகச் சமூகக் கருத்துகளைப் பரப்பும் முறையை மெக்சிகோ நாட்டில் மிகேல் சபிடோ என்பவர் 1970களில் வகுத்திருந்தார். அதைப் பின்பற்றியே இத்தொடர் திட்டமிடப்பட்டது. எழுதியவர் மனோகர் சியாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நடந்ததன் பொருளைப் பார்வையாளருக்கு எடுத்துரைப்பார். தொடக்க வாரங்களில் அறிவுரை மிகுந்திருந்ததால் மக்கள் சலிப்படைந்தனர். பிறகு அறிவுரையைக் குறைத்துக் கதையை வளர்த்தனர். நாடே அதில் ஒன்றிப்போயிற்று. 1985 டிசம்பரில் அது முடிவதற்குள் ஏறத்தாழ 4 இலட்சம் மடல்கள் வந்து குவிந்தன.

ஆனால் வியப்புக்குரியது வேறொன்று. அக்கதையின் தாய் பகவந்தி, குடிகாரக் கணவனையும் வீட்டாரின் ஏளனத்தையும் வாய்மூடிச் சகிப்பவள். 'இப்படி இருந்தால் இத்துன்பம்தான் வரும்' என்று எச்சரிக்கவே அவளைப் படைத்தனர். பின்னர் ஆய்வாளர்கள் பார்வையாளரை வினவியபோதோ, பின்பற்றத் தக்கவள் அவளே என்று பலர் விடையளித்தனர்! ஒவ்வொரு பகுதியிலும் அசோக் குமார் விளக்கியும் இந்நிலை. எச்சரிக்கைப் பலகையை வழிகாட்டிப் பலகையாகப் படித்துவிட்டார்கள்.

தமிழிலும் இதற்கொப்ப ஒன்று நடந்தது. 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் அவர்களின் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. படித்த பெண்கள் மருமகள்களாக வந்த வீட்டில் சமையலறைக்குள் அடைபட்டுக் கிடப்பதும், மெல்ல மெல்ல நிமிர்வதுமே அதன் கதை. அவர்களை அடக்கியாளும் மூத்தவர் ஆதி குணசேகரனாக, 2023 செப்டம்பரில் மறைந்த மாரிமுத்து நடித்தார். அவர் நடிப்பின் ஆற்றலால், பெண்களை அதட்டும் அப்பாத்திரத்தின் பேச்சே ஊரெங்கும் வேடிக்கையாகப் பரவிற்று. கொடுமையைக் காட்டவந்த சொல், கைதட்டலைப் பெற்றது. கலைஞர் பேரில் குற்றமில்லை. சிரித்தவர்கள் நாம்தாம்.

புதிய நாடகத்தின் முதல் வாரம் ஏறத்தாழ ஒரே வார்ப்பில் அமைகிறது. முதல் நாள் திருமணமோ திருவிழாவோ நடக்கும். குடும்பத்தார் அனைவரையும் அறிமுகப்படுத்த அதுவே எளிய வழி. இரண்டொரு நாளில் ஓர் இரகசியம் தெரியவரும். வாரக் கடைசியில் விடையில்லாத கேள்வியோடு திரை மூடும். 'நல்லவர் யார், கெட்டவர் யார்' என்னும் நம் தீர்ப்பும் அதற்குள் முடிந்துவிடுகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் அத்தீர்ப்போடுதான் பார்க்கிறோம். எனவே அந்த முதல் வாரத்தில் மூன்று கேள்விகளைக் குடும்பமாகக் கேட்டுப் பாருங்கள். இந்த வீட்டில் பேச உரிமையுள்ளவர் யார்? நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்? அடிபட்டவர் நம் மகளாயிருந்தால் அதையும் பொறுமை என்போமா?

மறுவாரம் அதே வீட்டிற்குச் சென்றேன். பாட்டியம்மாவிடம் தனியே இம்மூன்றையும் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காரம்மா. இந்தப் பெண்ணைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். மருமகள் தயங்கித் தயங்கி அவரருகே அமர்ந்தாள்.

"அத்தை, எல்லாரும் அவளைப் பொறுமைசாலி என்கிறார்கள். எனக்கென்னவோ அவள் பயந்துபோயிருக்கிறாள் என்று தோன்றுகிறது" என்றாள்.

அன்றைய நாடகத்தில் என்ன நடந்தது என்று அவ்வீட்டில் எவரும் கவனிக்கவில்லை. இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லிக்கொள்ளாமலே வெளியே வந்தேன்.