கோயிலுக்குப் பின்புறம் ஒரு கச்சேரி

புஷ்ய பகுள பஞ்சமி பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலையில் தட்டாஞ்சாவடியில் எங்கள் வீட்டு இட்லிச் சட்டி அடுப்பில் ஏறும்போதே டி.வி.யையும் போட்டுவிடுவேன். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவதைப் பார்க்க இரண்டு கண் போதாது. போன வருஷம் பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆயா, பொம்பளைங்க எவ்ளோ பேர் பாடுறாங்க பாரேன்!" என்றாள். "ஒரு காலத்துல ஒருத்தரைக்கூட பாட விடலைடி" என்றேன். நம்பவே மாட்டேன் என்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இந்தத் தடவை உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே.

தியாகராஜர் மறைந்தது 1847-இல். சமாதி காவிரிக் கரையில் கேட்பாரற்றுக் கிடந்தது. 1908 வாக்கில் வித்வான்கள் கூடி வருஷா வருஷம் ஆராதனை நடத்த ஆரம்பித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நாலு பேர் கூடினால் சண்டை வராமல் இருக்குமா? பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். எல்லாவற்றிலும் முட்டிக்கொண்ட இரண்டு கட்சியும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. பெண்கள் பாடக் கூடாது!

அந்த நாளில் மேடையில் பாடிய பெண்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பப் பெண்கள் சபையில் வாய் திறப்பதே இல்லை. தலைமுறை தலைமுறையாகச் சங்கீதத்தையும் பரதத்தையும் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் தேவதாசிக் குலத்துப் பெண்கள். அவர்கள் பாட்டு வேண்டும், ஆட்டம் வேண்டும், மரியாதை மட்டும் கிடையாது.

அந்தக் குலத்தில் 1878-இல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில் பிறந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். சென்னைக்கு வந்து, வருமான வரி கட்டும் அளவுக்குப் பாடிச் சம்பாதித்தவர். சமாதி பாழடைந்து கிடப்பதாக அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா தெரிவித்தார். அம்மாளுக்கு அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. நம்மில் பலர் "இனிமே என்ன" என்று உட்கார்ந்துவிடுகிற வயது! அவர் நேரே திருவையாற்றுக்குப் போனார். 1921-இல் அஸ்திவாரம் போட்டார். சேர்த்த பணமும் போட்டிருந்த நகையும் செங்கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாறின. 1926 ஜனவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. நகை ஒவ்வொன்றையும் கழற்றும்போது மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, கோயிலைக் கட்டியவர் கோயிலில் பாடலாமா? கூடாது என்றுவிட்டார்கள்! பணம் உன்னுடையது, சன்னிதி எங்களுடையது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அவர் அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை. 1927-இல் தம் குலத்துப் பெண்களைத் திரட்டி, முன்புறம் ஆண்கள் பாடட்டும் என்று விட்டுவிட்டு, கோயிலின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். 'பெண்கள் கட்சி' என்று ஊர் பெயர் வைத்தது. ஒரு வருஷத்தோடு ஓயவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. காரணம், அது அவர் கட்டிய கோயில். இரவல் இடமாக இருந்தால் எழுந்து போ என்றிருப்பார்கள்.

இதே வருஷங்களில் கடல் தாண்டியும் இப்படித்தான். அங்கே குலத்துக்குப் பதில் தோல் நிறம். நியூயார்க்கில் கறுப்பு மக்கள் வாழ்ந்த ஹார்லம் பகுதியில் 'காட்டன் கிளப்' என்று ஒரு பெரிய சங்கீத விடுதி இருந்தது. ஆடுகிறவர்களும் பாடுகிறவர்களும் கறுப்பர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வெள்ளைக்காரர்களுக்குத்தான் இடம். ட்யூக் எலிங்டன் என்ற மேதை அங்கே வாசிக்க ஆரம்பித்ததும் அதே 1927-இல்தான். தன் தெருவில் நடக்கும் கச்சேரிக்குத் தானே போக முடியாதென்றால் எப்படி இருக்கும்? எட் ஸ்மால்ஸ் என்ற கறுப்பர் 1925-இல் அதே ஹார்லத்தில் 'ஸ்மால்ஸ் பாரடைஸ்' என்று சொந்தமாக ஒரு விடுதி திறந்தார். எந்த நிறத்தவரும் உள்ளே வரலாம். பரிமாறுகிற பையன்கள் காலில் சக்கரச் செருப்பு மாட்டிக்கொண்டு, கையில் தட்டோடு ஆடிக்கொண்டே வருவார்களாம்! (நம் வீட்டில் சாம்பார் வாளியோடு யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.)

மறுபடி திருவையாற்றுக்கு வருவோம். 1940-இல் கட்சிகள் சமாதானமாயின. 1941-லிருந்து எல்லோரும் சேர்ந்த ஆராதனை; பெண்களுக்கும் பாட இடம் கிடைத்தது. பின்புறம் பாடியவர்கள் முன்புறம் வந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது, அதை எதிர்த்த தேவதாசிகள் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் இதே நாகரத்தினம்மாள்தான். எங்கள் சொத்துரிமை என்ன ஆகும், கலை என்ன ஆகும் என்று கேட்டார். 1947-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியவில்லை. மேடையும் மானியமும் போன பிறகு, அந்தப் பெண்களில் எத்தனை பேர் வீட்டில் உலை கொதித்ததோ?

1952-இல் அம்மாள் காலமானார். தம் சொத்தைத் தியாகராஜர் கைங்கரியத்துக்கே எழுதி வைத்தார், ஒரு நிபந்தனையோடு: தேவதாசிகள் உள்பட எந்தப் பெண்ணும் அங்கே பாடி வழிபடத் தடை இருக்கக் கூடாது. நகை விற்ற கை, பத்திரத்தையும் கெட்டியாகத்தான் எழுதியிருக்கிறது பாருங்கள்.

போய்ப் பார்க்க நினைத்தால், தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். பஸ் நிறைய உண்டு. சமாதிக்கு எதிரிலேயே, கை கூப்பிய சிலையாக அம்மாள் இருக்கிறார். ஆராதனை நாளில் நெரிசல் அதிகம். கைக்குழந்தைக்காரர்கள் வேறு நாளில் போவது நல்லது. தயிர்சாதமும் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரும் எடுத்துப் போங்கள். ஜனவரியில் காவிரியில் தண்ணீர் இருக்கும். படித்துறையில் பிள்ளை கையை விட்டுவிடாதீர்கள்.