வேகம் மலிஞ்சுபோச்சு

லண்டனில் இருக்கிற சித்தியின்ர மகன் போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில ஒரு ஸ்கிறீன்ஷொட் போட்டான். போர்ஷே டைகான் 4எஸ், 2020 ஆம் ஆண்டுக் கார். புதிதாக வாங்கியவர் எண்பதாயிரம் பவுண்ஸுக்கு மேல் கொடுத்திருப்பார். இப்ப கேட்கிற விலை அதில் பாதியும் இல்லை. படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: "எடுக்கட்டா?"

அவ்வளவுதான், குழு சூடு பிடித்துவிட்டது. "கரண்ட் காரெல்லாம் உப்பிடித்தான், தொடாத" என்றார் மாமா. "அந்தக் காசுக்கு இஞ்ச ஒரு வெசல்தான் வரும்" என்றார் யாழ்ப்பாணத்தில் இருந்து அண்ணா. ரொரன்ரோ பெரியப்பா மின்சாரக் கார் எப்படி உலகத்தை ஏமாற்றியது என்று பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றை அனுப்பினார். விலை விழுந்தால் சாமான் கூடாது, இதுதான் எல்லாருடைய முடிவும்.

இந்த முடிவு பிழை என்று நான் நினைக்கிறேன். விலை விழுந்தது உண்மை, அதுவும் மோசமாக விழுந்தது. ஆனால் விழுந்தது கார் இல்லை. அந்தக் காருக்குள் வைத்து விற்கப்பட்ட வேகம்.

முதலில் எங்கட கண்ணாடியைக் கழற்றி வைப்பம். இலங்கையில் வளர்ந்த எங்களுக்குக் கார் என்றால் காணி மாதிரி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பத்து வருடப் பழைய காரை வாங்கினதை விடக் கூட விலைக்கு வித்தவர்களை எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது காரின்ர கெட்டித்தனம் இல்லை, வாசல் பூட்டிக் கிடந்ததின்ர விளைவு. உலகத்தில் வேறு எங்கேயும் கார் பெரும்பாலும் கரைகிற சாமான். கேள்வி, எவ்வளவு வேகமாகக் கரையுது என்பதுதான்.

போர்ஷேயையே எடுப்பம், ஏனென்றால் கதை முழுக்க அந்த ஒரு கம்பனிக்குள்ளேயே இருக்கு. 2019 செப்டெம்பரில் டைகான் வந்தது. முதலில் வந்த இரண்டு மொடலுக்கும் "டர்போ", "டர்போ எஸ்" என்று பெயர். எஞ்சினே இல்லாத காரில் டர்போ எங்கே இருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது. அமெரிக்காவில் டர்போ எஸ் 185,000 டொலரில் தொடங்கியது. நூறு கிலோமீற்றர் வேகத்தைத் தொட 2.8 செக்கன். 2021 இல் போர்ஷே உலகம் முழுக்க 41,296 டைகான்களைக் கொடுத்தது. அதே வருடம் அவர்களுடைய 911 கொடுபட்டது 38,464. அறுபது வருடத்துக்கு நெருக்கமான பெயருள்ள 911 ஐ இரண்டு வயதுப் பிள்ளை முந்திவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள். பிறகு 2024 இல் டைகான் 20,836 க்கு இறங்கியது. முந்தின வருடத்தில் பாதி. புது மொடலுக்கு மாறின வருடம், சீனச் சந்தையும் படுத்துவிட்டது, அதெல்லாம் சரி. ஆனாலும் பாதி என்பது பாதிதான்.

பழைய காருக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் கொடுமை. அமெரிக்காவில் பழைய கார் விலைகளைத் தொடர்ந்து கணக்கெடுக்கிற ஐசீகார்ஸ் 2025 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 911 ஒன்று ஐந்து வருடத்தில் இழப்பது கிட்டத்தட்ட 20 வீதம். மின்சாரக் கார்கள் சராசரியாக 59 வீதம். டெஸ்லா மொடல் எஸ் 65 வீதம். ஒரே தொழிற்சாலை வளவுக்குள் செய்யப்பட்டு, ஒரே முத்திரையோடு வெளியே வருகிற இரண்டு கார்களில், ஒன்று நகை மாதிரியும் மற்றது போன் மாதிரியும் வயசாகுது.

ஏன்? எல்லாரும் முதலில் பற்றரியைத்தான் சொல்லுவினம். நான் அதைப் பிறகுக்கு வைக்கிறன்.

பெற்றோல் எஞ்சினில் வேகம் என்பது கஷ்டப்பட்டுச் சேர்க்கிற சாமான். கூடுதல் சிலிண்டர், டர்போ, அதைத் தாங்குகிற கியர்பொக்ஸ், சூட்டை இறக்குகிற வழி, இதையெல்லாம் இருபது வருடம் இழைத்து இழைத்துச் செய்த ஆட்கள். அதனால்தான் நாலு செக்கனுக்குள் நூறைத் தொடுகிற கார் என்றால் விலை எப்பவும் மேலே நின்றது. மின் மோட்டாருக்கு அந்தத் தவம் தேவையில்லை. முதல் சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். பெரிய பற்றரியும் பின்னுக்கு ஒன்று முன்னுக்கு ஒன்று என்று இரண்டு மோட்டாரும் இருந்தால், வேகம் தன்பாட்டில வந்து சேருது.

2023 இல் பிரித்தானியாவில் எம்ஜி4 எக்ஸ்பவர் என்று ஒரு கார் வந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏத்துகிற அளவான குடும்பக் கார். விலை 36,495 பவுண்ஸ். மணிக்கு 62 மைல் வேகத்தைத் தொட 3.8 செக்கன். அடிப்படை 911 ஐ விட விரைவு! அதை ஓட்டினவர்கள் நல்ல ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லவில்லை. வளைவில் திண்டாடும் என்றுதான் எழுதினார்கள். ஆனால் நேர்றோட்டில் அந்த எண் அந்த எண்தான். பிறகு சீனாவில் போன் செய்கிற ஷியாவ்மி 2025 பெப்ரவரியில் எஸ்யூ7 அல்ட்ராவை 529,900 யுவானுக்கு விட்டது. 1,548 குதிரைவலு. அதே வருடம் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் பாதையை 7 நிமிடம் 4.957 செக்கனில் சுற்றியது. போர்ஷே தன்னுடைய ஆகக் கடூரமான டைகான் டர்போ ஜிடியை வைத்து அதற்கு முதல் எடுத்த நேரம் 7 நிமிடம் 7.55 செக்கன். முதல் காரே மூன்று நாலு வருடத்துக்கு முதல்தான் செய்யத் தொடங்கின கம்பனி, பாதி விலையும் இல்லாத காரோடு, போர்ஷேயின்ர வீட்டு முற்றத்தில் வந்து முந்திவிட்டுப் போகுது. இதற்குப் பிறகு 2020 டைகானை வைத்திருக்கிறவர் "2.8 செக்கன்" என்று விளம்பரத்தில் போட்டால் யார் அசைவார்கள்?

இதை ஆகத் தெளிவாக விளங்கிக்கொண்டவர் குரோஷியாக்காரர் மாட்டே ரிமாட்ஸ். இரண்டு மில்லியன் யூரோ விலையில் நெவேரா என்ற மின்சார அதிவேகக் காரைச் செய்தவர். மொத்தம் 150 தான் செய்வதாகத் திட்டம். ஆனாலும் 2024 இல் அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார், உச்சப் பணக்காரர் மின்சாரத்தைக் கேட்கவில்லை என்று. ஸ்மார்ட் வோச் எல்லாம் செய்யும், ஆனால் பணக்காரர் தேடுவது பொறிமுறைக் கைக்கடிகாரத்தைத்தான், அதுபோலத்தான் என்றார். செய்கிறவன் வாயிலேயே வந்த சாட்சி.

இரண்டாவது காரணம், புதுக் காரின் விலையைக் கம்பனியே வெட்டுவது. மொடல் எஸ் பிளெய்ட் 2021 யூனில் 129,990 டொலருக்கு வந்தது. 2023 ஜனவரியில் ஒரே நாளில் 135,990 இல் இருந்து 114,990. அதே வருடம் செப்டெம்பரில் 89,990. யோசித்துப் பாருங்கோ: நீங்கள் கடன் எடுத்து வாங்கின கார், நீங்கள் வீட்டில் நித்திரையாக இருக்கும்போது, ஒரு கீறலும் விழாமல், நாற்பதாயிரம் டொலரை இழக்குது. புதுசே 89,990 என்றால் பழசை யார் தொண்ணூறுக்கு எடுப்பான்? வேடிக்கை என்னவென்றால் இதே டெஸ்லாவின் தலைவர் இலோன் மஸ்க்தான் 2019 இல், தானே ஓடி உழைக்கப்போகிறபடியால் தங்கள் கார்கள் விலை ஏறுகிற சொத்து என்று சொல்லித் திரிந்தவர். அதைக் கேட்டு வாங்கினவர்களை நான் பகிடி பண்ணமாட்டன். கார் சொத்து என்று நம்புவதில் எங்களுக்கும் அனுபவம் இருக்கு.

பெரிய ஆட்களும் இதில் விழுந்தார்கள். வாடகைக் கார் கம்பனி ஹேர்ட்ஸ் 2021 ஒக்டோபரில் ஒரு இலட்சம் டெஸ்லா எடுக்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் இருபதாயிரம் மின்சாரக் கார்களை விற்கப்போவதாகச் சொல்லி, 245 மில்லியன் டொலரை நட்டமாக எழுதியது.

மூன்றாவது காரணம் யாரும் பேசாத ஒன்று: அந்த முதல் விலையை உண்மையில் யாரும் கொடுக்கவில்லை. பிரித்தானியாவில் கம்பனி கொடுக்கிற காருக்கு, அதன் பட்டியல் விலையில் ஒரு வீதத்தை உங்கள் வருமானமாகக் கணக்கிட்டு வரி எடுப்பார்கள். புகை கக்குகிற பெரிய பெற்றோல் காருக்கு அது 37 வீதம் வரைக்கும் போகும். மின்சாரக் காருக்கு 2020-21 இல் பூச்சியம், அடுத்த வருடம் 1, பிறகு 2025 வரைக்கும் 2. சொந்தக் கம்பனி வைத்திருக்கிற ஒரு பல் வைத்தியரோ கணக்காளரோ என்ன செய்வார்? டைகானை மூன்று வருட லீசுக்கு எடுப்பார். அவருக்கு அந்த எண்பதாயிரம் ஒரு தாளில் இருந்த எண் மட்டும்தான். அமெரிக்காவில் இன்னொரு வழி இருந்தது. விலை கூடின மின்சாரக் காரை வாங்கினால் 7,500 டொலர் சலுகை கிடையாது, ஆனால் லீசுக்கு எடுத்தால் லீசிங் கம்பனிக்கு அது கிடைக்கும், அவர்கள் அதை மாதக் கட்டணத்தில் கழித்து விடலாம். 2025 செப்டெம்பரில்தான் அது முடிந்தது.

மூன்று வருடம் கழிய அந்தக் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து சந்தையில் நின்றன. வாங்க வருகிற இரண்டாம் ஆளுக்கு வரிச்சலுகையும் இல்லை, கம்பனிக் காசும் இல்லை. தன் பொக்கற்றில் இருந்து கொடுக்கிறவன். அவன் சொல்கிற விலைதான் அந்தக் காரின் முதல் நேர்மையான விலை.

இனிப் பற்றரி. எங்கட ஆட்களின் பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கு, அதற்குப் பெயர் நிசான் லீஃப். 2015 அளவில் இலங்கைக்கு நிறைய வந்தது. அந்த முதல் தலைமுறை லீஃபில் பற்றரியைக் குளிராக்க நீரோட்டம் கிடையாது. எங்கட வெயிலில் டாஷ்போர்ட்டில் இருந்த பன்னிரண்டு கோடுகளும் ஒவ்வொன்றாக அணைந்ததைப் பார்த்த சனம், மின்சாரக் கார் என்றாலே அந்தக் கோடுகளைத்தான் நினைக்கும். ஆனால் டைகானும் டெஸ்லாவும் திரவத்தால் பற்றரியைக் குளிராக்குகிறவை. டைகான் பற்றரிக்கு எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீற்றர், அதற்குள் கொள்ளளவு 70 வீதத்துக்குக் கீழே போகாது என்று உத்தரவாதம். பிரச்சினை பழசு செத்துப்போவதில்லை, புதுசு அளவுக்கு மீறி நன்றாக வருவது. 2019 டர்போ எஸ் ஐரோப்பிய சோதனைக் கணக்கில் 412 கிலோமீற்றர் ஓடும். 2024 இல் திருத்தி வந்தது 630 வரை. 911 இல் ஐந்து வருடத்தில் இப்படி ஒரு பாய்ச்சல் நடக்காது, அதனால் பழசு வெட்கப்படத் தேவையில்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொரு இடத்தில். இந்தக் கார்கள் முதல் மூன்று வருடத்துக்காகச் செய்யப்பட்டவை. உத்தரவாதம் முடிந்த பிறகு ஒரு சாதாரண கராஜ்காரன் பற்றரிப் பெட்டியைத் திறந்து ஒரு தொகுதியை மட்டும் மாற்ற எவ்வளவு சிரமம்! உள்ளே என்ன நிலைமை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது, தெரியாத ஒன்றுக்கு அவன் பயத்தையும் சேர்த்துத்தான் விலை குறைத்துக் கேட்பான். ஃபிஸ்கர் 2024 யூனில் வங்குரோத்தானபோது விற்காமல் கிடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஓஷன் கார்கள் ஒன்று சராசரி பதினாலாயிரம் டொலருக்குப் போனது. கம்பனி செத்தால் மென்பொருளும் சாகும் என்ற பயம் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பெப்ரவரி 18 இல் இருந்து மின்சாரக் கார் பற்றரிக்கு டிஜிட்டல் கடவுச்சீட்டைக் கட்டாயமாக்குது. பத்து வருடத்துக்கு முதலே வந்திருக்க வேண்டிய சட்டம்.

எங்கட பக்கம் இப்ப வாசல் திறந்து, மின்சாரக் கார்கள் வரிசையாக இறங்குது. மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வரி போடுகிற நாட்டில் டைகான் எங்கட தெருவுக்குக் கிட்டவும் வராது, அது வேறு கதை. ஆனால் என் வயதுக்காரர் ஐந்து, ஏழு வருட லீசிங்கில் கையெழுத்து வைக்கும்போது மனதுக்குள் ஓடுகிற கணக்கு இன்னும் 2022 ஆம் ஆண்டுக் கணக்கு: "விலை விழாது மச்சான், வேணுமெண்டா வித்துப்போட்டுக் கட்டுவம்." அடுத்த வருடம் அதே கம்பனி கூடத் தூரம் ஓடுகிற காரைக் குறைந்த விலைக்கு இறக்கினால், லீசிங் மிச்சம் காரின் விலையை விடக் கூடவாக நிற்கும். 

சித்தியின்ர மகனுக்கு நான் தனியாக எழுதினேன்: எடு, ஆனால் முழு உத்தரவாதம் மிச்சம் எவ்வளவு எண்டு பார், பற்றரி அறிக்கை தராமல் காசு குடுக்காத, திரும்ப விக்கலாம் எண்டு மட்டும் நினைச்சு எடுக்காத. நேற்றுப் பதில் வந்தது. கடைக்காரன் அறிக்கை தர இரண்டு கிழமை கேட்டிருக்கிறானாம். அதுக்குள்ள விலையை இன்னும் ஆயிரம் பவுண்ஸ் குறைச்சுப்போட்டானாம்.