நாய்க்குட்டி கேட்கும் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டிய விடை

 

"வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கலாமா, ஹஜ்ரத்?" என்னும் வினா அண்மைக் காலமாக மதரஸாப் பிள்ளைகளிடமிருந்தும், அவர்களைத் தொடர்ந்து பெற்றோர்களிடமிருந்தும் அடிக்கடி எழுகிறது. தோட்டத்துக் காவலுக்கான நாட்டு நாயைப் பற்றி இவ்வாறு கேட்போர் குறைவு. கைப்பேசியில் படம் பார்த்து விரும்பிய லாப்ரடார் கலப்பு, பொமரேனியன் கலப்பு போன்ற 'கிராஸ்' குட்டிகளைப் பற்றியே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. சாதி நாயைவிட விலை குறைவு, குணத்தில் சாது, முடி அதிகம் கொட்டாது என்று விற்போர் கூறும் சொற்களும் அவ்வினாவோடு சேர்ந்தே வருகின்றன.

தேவையின்றி நாய் வளர்க்க வேண்டாம் என்னும் நபிவழி நம் இல்லத்தின் தூய்மைக்காக மட்டும் வந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆழ்ந்து நோக்கினால், அது அந்த வாயில்லா ஜீவனுக்கும் ஓர் அருளாக அமைந்திருப்பதைக் காணலாம்.

மார்க்கம் வகுத்த எல்லை

வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகிய தேவைகள் இன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறைந்துகொண்டே வரும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. நாய் உள்ள வீட்டில் வானவர்கள் நுழைவதில்லை என்ற செய்தியும் நாம் அறிந்ததே. இல்லத்தின் காவலையும் அறிஞர்கள் மேற்சொன்ன தேவைகளோடு ஒப்பிட்டு அனுமதித்துள்ளனர். அத்தேவைகளுக்காகப் பழக்கும் எண்ணத்தோடு குட்டியிலிருந்தே வளர்ப்பதும் கூடும் என்பதே சரியான கருத்து என இமாம் நவவீ (ரஹ்) தமது முஸ்லிம் விரிவுரையில் குறிப்பிடுகிறார்கள்.

எனவே, சங்ககிரியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், மேச்சேரி ஆடுகள் அடைக்கும் பட்டிகளிலும், லாரிப் பட்டறைகளிலும் காவலுக்கு நாய் வைத்திருக்கும் நம் சகோதரர்கள் மீது குறையேதும் இல்லை. குகைத் தோழர்களின் நாயைத் திருக்குர்ஆன் (18:18) நினைவுகூர்கிறது. அந்நாய் வாசலில் தன் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்தது. நாய்க்குரிய இடம் வாசல் என்பதற்கு அதில் ஓர் அழகிய குறிப்பு உண்டு.

முடி கொட்டாத, எச்சில் வடியாத கலப்பினம் என்றால் சட்டம் மாறுமா எனச் சிலர் வினவுகின்றனர். மாறாது. எந்த இனத்தோடு எந்த இனம் கலந்தாலும் நாய் நாயே. ஷாஃபிஈ மத்ஹபில் அதன் உடல் முழுவதும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ். பாத்திரத்தை மூன்று முறை கழுவினால் தூய்மையாகும், ஏழு முறை கழுவுவது விரும்பத்தக்கது. தொழுகை விரிப்பும் சமையலறையும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கும் நம் சிறு வீடுகளில் இப்பேணுதல் யாருடைய தோளில் விழும் என்பதை இல்லத் தலைவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குட்டியின் விலையும் வளர்ப்பின் செலவும்

நாயை விற்றுப் பெறும் காசை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இதன் அடிப்படையில் ஷாஃபிஈ மத்ஹபில் அவ்விற்பனையே செல்லாது. பயன் தரும் நாயை விற்பதை ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்தாலும், அழகுக்காக ஆயிரக்கணக்கில் கொட்டுவதை வீண்விரயம் என்றல்லாமல் வேறு எவ்வாறு சொல்வது?

மேலும், குட்டிக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் செலவின் தொடக்கமே. நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழக்கூடியது. உணவுக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 29,200 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளில் 3,50,400 ரூபாய். குட்டிப் பருவத்தில் பார்வோ முதலிய நோய்களுக்கான தடுப்பூசிகளும் குடற்புழு மருந்தும், மூன்று மாதத்தில் தொடங்கி முறையாகத் தொடர வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியும், கருத்தடை அறுவைச் சிகிச்சையும் இக்கணக்கில் சேரவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 40 பாகையைத் தொடும் சேலம், நாமக்கல் வெயிலில், குளிர்நாட்டு நாயின் அடர்ந்த முடியோடு பிறந்த கலப்பினக் குட்டி மூச்சிரைத்துத் துன்புறும். அதனை அவ்வெயிலில் சங்கிலியில் கட்டிவைப்பது பாவம் என்பதை விளக்கத் தனி நூல் வேண்டியதில்லை.

குணம் எங்கிருந்து வருகிறது

1989ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய வாலி கான்ரன் என்பவர், லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து 'லாப்ரடூடில்' என்னும் கலப்பினத்தை உருவாக்கினார். பார்வையற்ற பெண்மணி ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் முடி ஒவ்வாமை. அத்தேவைக்காகவே இம்முயற்சி. பிறந்த மூன்று குட்டிகளில் ஒன்றே ஒவ்வாமைச் சோதனையில் தேறியது. பின்னாளில் உலகெங்கும் வணிகர்கள் கண்மூடித்தனமாகக் கலப்பினங்களைப் பெருக்குவதைக் கண்டு, தாம் செய்ததற்காக அவரே வருந்தினார்.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே ஒன்றுபோல் அமையவில்லை என்பதே இதில் நாம் காணும் பாடம். ஒரு குட்டி தாயைக் கொள்ளும், மற்றொன்று தந்தையைக் கொள்ளும். தாய் தந்தை இரண்டையும் கண்ணால் காணாமல், "சாதுவான கலப்பு" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்குவோர் உண்மையில் எதை வாங்குகின்றனர் என்பதை அவர்களே அறியார்.

பழக்கத்தின் பங்கு இதனினும் பெரிது. பழக்கப்பட்ட வேட்டை விலங்கு பிடித்துத் தருவதை உண்ணலாம் எனத் திருக்குர்ஆன் (5:4) அனுமதிக்கிறது. பழக்கப்படாத நாய் கடித்துக் கொன்றது ஆகாது. பயிற்சியே இங்கு வேறுபாட்டை உண்டாக்குகிறது. குட்டியின் முதல் மூன்று, நான்கு மாதங்களிலேயே மனிதரோடும் பிற உயிர்களோடும் இணங்கும் பண்பு வேரூன்றுகிறது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் கூறுவதும் இதனோடு இயைகிறது. ஆயினும் ஒரு மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துக் கையில் திணிப்போர் உள்ளனர். தாயிடமிருந்து குஞ்சுகளை எடுத்தவர்களை, அவற்றைத் திருப்பி வைக்குமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம் என்பதை மறக்கலாகாது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தி நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவை வளர்ப்பு நாய்களே. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனை சென்று, தடுப்பூசிகளை உரிய நாள்களில் முழுமையாகப் போட வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டபின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது.

தெருவில் விடப்படும் அமானிதம்

நம்மை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இதுவே. ஆசையோடு வாங்கிய குட்டி வளர்ந்து பெரிதானதும், செருப்பைக் கடிப்பதும் அண்டை வீட்டாரை நோக்கிக் குரைப்பதும் தொடங்கியதும், நெடுஞ்சாலை ஓரத்திலோ ஏரிக்கரையிலோ இறக்கிவிடப்படுகிறது. வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. பிழைத்தவை கூட்டத்தோடு சேர்கின்றன. அண்மை ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பகுதிகளில் தெருநாய்க் கூட்டங்கள் பட்டிகளில் புகுந்து ஆடுகளைக் கொன்றதையும், இழப்பீடு கோரி விவசாயிகள் போராடியதையும் நாம் அறிவோம். நாம் கைவிடும் ஒரு நாய் நாளை எந்த ஏழையின் பட்டியில் நுழையும் என்று யாரால் சொல்ல முடியும்? பூனையைக் கட்டிவைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த செய்தியைப் படிக்கும் நாம், நாயைக் கைவிடுவதை எளிதாகக் கருதலாமா?

தேவையின்றி வளர்க்காதீர் என்ற கட்டளை பேணப்பட்டிருந்தால் அந்தக் குட்டி விலைக்கு வாங்கப்பட்டிராது, விரட்டப்பட்டுமிராது. நாம் மேலே அருள் என்று குறிப்பிட்டது இதனையே.

இதனால் பிள்ளையின் ஆசையை அதட்டி அடக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. உயிர்களிடம் இரங்கும் உள்ளம் அல்லாஹ் அளித்த நிஃமத். பூனை தூய்மையான பிராணி. வீட்டில் வளர்க்கத் தடையில்லை. இடமுள்ளோர் ஆடும் கோழியும் வளர்க்கலாம். தோட்டக் காவலுக்கு நாய் வேண்டுமெனில், நம் வெயிலுக்குப் பழகிய நாட்டுக் குட்டியை எடுத்து, தடுப்பூசி போட்டு, நிழலும் நீரும் தந்து, இறுதிவரை காப்போம். ஏற்கெனவே கலப்பின நாய் வைத்திருப்போர் அதனைத் துரத்திவிட வேண்டாம். காவலுக்குத் தேவையுள்ள, நன்கு பேணக்கூடிய ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அதுவரை அதன் பசிக்கும் நோய்க்கும் அவர்களே பொறுப்பாளர்கள்.

தாகித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியைப் பிள்ளைக்குச் சொல்லி, இக்கோடையில் வாசலுக்கு வெளியே ஒரு மண்சட்டியில் நீர் வைக்கும் பொறுப்பை அப்பிள்ளையிடமே கொடுப்போம். தெருநாயைத் தொட வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம் எனச் சேர்த்துச் சொல்வோம்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களைத் தூய்மையாலும் பரக்கத்தாலும், நம் பிள்ளைகளின் உள்ளங்களை இரக்கத்தாலும் நிரப்புவானாக! ஆமீன்.