விழக் கற்றுத்தரும் ஜூடோ

தற்காப்புக் கலை வகுப்பு என்றதும் நம் பெற்றோர் கேட்பது இரண்டு கேள்விகள். கறுப்புப் பட்டை எப்போது கிடைக்கும்? புறப்பாடப் புள்ளிக்கு உதவுமா? பல்கலைக்கழக நுழைவில் புறப்பாடத்திற்கு 10 விழுக்காடு இருக்கும்போது இரண்டாவது கேள்வியைக் குறை சொல்ல முடியாது. ஆனால், ஜூடோவில் சேர நினைக்கும் மாணவர்களை வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: முதல் சில வாரங்கள் என்ன சொல்லித் தருவீர்கள்?

'விழுவதற்கு' என்று பயிற்றுநர் சொன்னால் நம்பிச் சேரலாம்.

தாடையை நெஞ்சோடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல், கையை விரித்துப் பாயில் அறைந்து விழ வேண்டும். விழுந்த வேகம் ஒரே இடத்தில் இறங்காமல் கையிலும் முதுகிலும் பரவிவிடும். மழையில் வழுக்கும் தோட்டத்துச் செம்மண் சடக்கிலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். பிடிவலிமை, முதுகுத் தசை, எலும்பின் உறுதி, சமநிலை எல்லாம் பிறகு வருபவை.

இதை அவசரப்பட்டுத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை ஜூடோவின் தாயகமே காட்டியது. ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகளில் 100க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜூடோ பயிற்சியில் இறந்தனர். பலருக்குத் தலையில் அடி. 2022 மார்ச்சில் அந்நாட்டு ஜூடோ சம்மேளனம் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. வெற்றிக்காகச் சிறுவர்களின் எடையைக் குறைக்க வைத்த பயிற்றுநர்களும் நடுவர்களைத் திட்டிய பெற்றோரும் காரணம். பதக்க ஆசை நமக்கும் குறைவில்லை என்பதால் இந்தச் செய்தியை நம் ஊர்ச் செய்தியாகவே படிக்கிறேன்.

மனத்துக்கு என்ன பயன்? பிடியில் சிக்கியவர் கையால் இருமுறை தட்டினால் எதிராளி உடனே விட்டுவிட வேண்டும். 'என்னால் முடியவில்லை' என்று வெட்கமின்றிச் சொல்ல இங்கே இடமுண்டு. சொன்னவர் வணங்கிவிட்டு அடுத்த சுற்றுக்கு நிற்பார். 2022ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் 13 முதல் 17 வயதுள்ளோரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு. ஜூடோ அதற்கு மருந்தல்ல. ஆலோசக ஆசிரியரைப் பார்க்க வேண்டியவர் பார்க்கத்தான் வேண்டும். தட்டிச் சொல்லும் பழக்கம் அங்கே போகும் தயக்கத்தைக் குறைக்கும் என்பது என் கருத்து.

இந்தியாவின் கபில் பார்மர் சிறு வயதில் மின்சாரம் தாக்கிப் பார்வையை இழந்தவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. பார்வையற்றோர் ஜூடோவில் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட பிறகே ஆட்டம் தொடங்கும். எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கையே கண்டுபிடிக்கிறது.

பதக்கமும் புள்ளியும் இல்லாமல் உடலைப் பழக்கிய வரலாறு நம் கெடாவிலும் உண்டு. 1946-47இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி தலைமையில் எழுந்தது தொண்டர் படை. பால்மரக் காட்டு இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். அதே ஒழுங்கோடு கள்ளுக்கடைகளை மறித்து நின்றார்கள். அவர்கள் பழகியது ஜூடோ அல்ல. ஆனாலும், பயந்து குனிந்த முதுகை நிமிர்த்த உடற்பயிற்சிக்கு உள்ள பங்கை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பெரிய அரங்கம் வேண்டுமே என்று சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ இருப்பவர்கள் தயங்க வேண்டாம். ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கியது ஒரு கோயிலில், 12 பாய் விரிக்கும் இடத்தில்தான். இடம் சிறிதானாலும் பாய் தரமாக இருக்க வேண்டும். பணம் கட்டுமுன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். தலையில் அடிபட்ட மாணவரை அன்றே மறுபடியும் பாயில் இறக்கினால், அந்த வகுப்பு வேண்டாம்.