பெயாரிங் கணக்கும் மகாவலி மீனும்

குண்டசாலையில் மகாவலிக் கரையோரம் தூண்டில் போடும் இளைஞர்களிடையே ஒரு புதிய சாதிப் பிரிவினை தோன்றியிருக்கின்றது. பத்துக்கு மேற்பட்ட பெயாரிங் உள்ள ரீல் வைத்திருப்பவர் உயர்குலம்; நான்கு உள்ளவர் கீழ்க்குலம். மேடை போல் தட்டையாகத் தூண்டிற்கோலின் மேலே அமரும் மல்டிபிளையர் ரீல் வைத்திருப்பவரோ அரச குலம். இந்த மூடநம்பிக்கையை எதிர்த்தே இதை எழுதுகின்றேன். இந்த ஆற்றுக்கும் இதன் மீன்களுக்கும் எளிய ஸ்பின்னிங் ரீலே பொருத்தமானது. மற்றவை பெரும்பாலும் வீண் பெருமை. அந்தப் பெருமைக்குப் பணத்தால் நாமும் உயிரால் மீனும் விலை கொடுக்கின்றோம்.

முதலில் நீரைப் பார்ப்போம். பொல்கொல்லை அணைக்கட்டு 1976 இல் இயங்கத் தொடங்கியது. விக்டோரியா அணை 1985 இல் திறந்து வைக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையில்தான் குண்டசாலையின் ஆறு. மேலே நீர் திசைதிருப்பப்படுவதால் பல மாதங்களில் பாறை தெரிய ஓடும். மழைக்காலத்தில் கதவுகள் திறந்தால் சடுதியாகப் பெருகும். இங்கே நாம் பிடிப்பது பெரும்பாலும் திலாப்பியாவும் கெண்டை வகைகளும். முள்ளில் குத்துவது மண்புழு அல்லது பாண் உருண்டை. சில கிராம் எடையே உள்ள இரை அது.

இந்த எடைதான் வழக்கைத் தீர்க்கின்றது. மல்டிபிளையர் ரீலில், வீசும்போது தங்கூசி சுற்றிய உருளையே சுழல வேண்டும். (தமிழக வாசகர்களுக்கு: தங்கூசி என்பது நைலோன் நரம்பு.) உருளையைச் சுழற்றுவது இரையின் எடை. பாண் உருண்டைக்கு அந்த வலு ஏது? வலிந்து வீசினால், இரை வேகம் குறைந்த பின்னும் உருளை சுழன்றுகொண்டேயிருக்கும். தங்கூசி குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். அரை மணி நேரம் சிக்கெடுத்துவிட்டு ஈற்றில் கத்தியால் அறுப்பதே வழமை.

ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது உருளை அசைவதில்லை. தங்கூசி அதன் விளிம்பு வழியாகத் தானே கழன்று ஓடுகின்றது. இங்கிலாந்தின் கம்பளி ஆலை நகரமான பிராட்ஃபோர்டைச் சேர்ந்த இல்லிங்வேர்த் 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆலையில் நூற்கண்டின் முனை வழியாக நூல் கழல்வதே இதன் தத்துவம். நெசவாலை தந்த இந்த அறிவுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. இன்னும் நமக்கு அதில் இளக்காரம்.

இனிப் பெயாரிங். கைப்பிடியும் பற்சக்கரமும் நூலை வழிநடத்தும் சிற்றுருளையும் இலகுவாகச் சுழல்வதற்குச் சில நல்ல பெயாரிங்குகள் போதும். அதற்கு மேல் சேர்ப்பவை மட்டமானவையாயின், ஈரம் பட்டுத் துருப்பிடிக்கும் இடங்களின் தொகையே கூடுகின்றது. பற்சக்கரம் துல்லியமாக வெட்டப்பட்டதா, தண்டு நேராக நிற்கின்றதா என்பவற்றைப் பெட்டியின் மேல் அச்சடிக்க முடியாது. பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு இது புதிதன்று. தரத்தைக் காட்ட இயலாத விளம்பரம், எண்ணக்கூடிய ஒன்றைப் பெரிய எழுத்தில் போடும்.

இந்தக் கௌரவ மோகத்துக்கு மலையகத்தில் பழைய வேரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைத் துரைமார் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டனர். அதைப் பிடிக்கும் உரிமையும் கருவியும் அவர்களுடையவை. கருவியைக் கொண்டு மனிதனை அளக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. துரை போய்விட்டார், அளவுகோல் மட்டும் போகவில்லை. லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவுகள், விலையுயர்ந்த மல்டிபிளையரைப் பாசத்தோடு சுமந்து வருகின்றனர். பாசத்தில் குறை சொல்லேன். ஆனால் அது மகாவலிக்கான ரீல் அன்று.

வாங்குவோர் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அதைத்தான் எவரும் கேட்பதில்லை. மீன் இழுக்கும்போது, அறுபடுமுன் நூலை விட்டுக்கொடுக்கும் இழுவைத் தடை, அதாவது டிராக். நான்கு கிலோ தாங்கும் தங்கூசிக்கு அதைச் சுமார் ஒரு கிலோவில் வைப்பது நல்ல வழக்கம். கடையிலேயே சோதிக்கலாம். நூல் முனையில் ஒரு கிலோ சீனிப் பொதியைக் கட்டி, ரீலைக் கையில் பிடித்து மெல்ல உயர்த்துங்கள். பொதி நிலத்தை விட்டு எழும் தறுவாயில் நூல் திக்காமல், குதிக்காமல், சீராக வழுக்க வேண்டும். திக்கித் திக்கி வந்தால், எத்தனை பெயாரிங் இருந்தாலும் அந்த ரீலைத் திருப்பி வையுங்கள்.

ஏனெனில், திக்கும் டிராக்கில் நூல் அறுகின்றது. முள் மீனின் வாயிலும் நூல் ஆற்றிலும் தங்கிவிடுகின்றன. இந்த ஆற்றில் இருப்பவை திலாப்பியா மட்டுமல்ல. பாறை நோக்கிப் பாய்ந்தோடும் லெஹெல்லா உண்டு. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அருகிவரும் கடேயா உண்டு. தவறிச் சிக்கும் அவற்றை முழுதாகக் கரைசேர்த்து, முள்ளை நீக்கி, உயிரோடு விடுவது நம் கடமை. அறுந்த நூலோடு போகும் மீனை எவரால் மீட்க முடியும்?

கடலுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். திருகோணமலையில் படகிலிருந்து கனத்த இரையைப் போட்டுப் பெருமீனை இழுப்பவருக்கு மல்டிபிளையரே தோழன். சிறு பிள்ளைக்கு மூடிய முகமுள்ள ஸ்பின்காஸ்ட் ரீல் பழகச் சுலபம். நூற்கொள்ளளவும் டிராக்கும் அதில் பொதுவாகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் உண்டு.

2022 இல் டொலர் ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குத் தாவிய பின், இறக்குமதிப் பொருளில் தவறாகத் தெரிவு செய்ய நம் பிள்ளைகளுக்கு வசதியில்லை. கடைக்காரர் பெயாரிங் கணக்கைச் சொல்லத் தொடங்கும்போது, நீங்கள் சீனிப் பொதியை எடுத்து வையுங்கள்.